முடிச்சவிழ்த்த கணக்குப்பிள்ளை

1533-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்பானியப் படைத்தலைவன் எர்னாண்டோ பிசாரோ இருபது குதிரைவீரர்களையும் சில துப்பாக்கிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு பெரு நாட்டு மலைப்பாதையில் கிளம்பினான். இன்கா மன்னன் அதாவால்பா அப்போது கஹமார்கா ஊரில் ஸ்பானியர் கையில் கைதி. விடுதலைக்கு விலையாகப் பேசிய தங்கம் வந்துசேரத் தாமதமாகிக்கொண்டிருந்தது. கடற்கரையோரம் பச்சகாமாக் என்ற கோயிலில் தங்கம் குவிந்து கிடக்கிறது என்று பேச்சு. அதை அள்ளிவரத்தான் இந்தப் பயணம்.

வழி நெடுக அரசாங்கக் கிடங்குகள். விறகு, மக்காச்சோளம், சோளக்கள், லாமா என்ற சுமைவிலங்கு எனக் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு முறை சரக்கு வெளியே போகும்போதும் கிடங்குக்காரர் ஒரு கயிற்றுக் கொத்தை எடுப்பார். ஓர் இடத்தில் முடிச்சை அவிழ்ப்பார். இன்னோர் இடத்தில் முடிச்சுப் போடுவார். அதே ஆண்டு நவம்பரில் எழுதிய கடிதத்தில் எர்னாண்டோ இதைச் சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் இவர்களிடம் நல்ல கணக்கு இருக்கிறது என்று மெச்சுகிறான்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஈரோட்டில் ஆடிட்டர் ஒருவரிடம் உதவியாளராக இருபத்திரண்டு வருடம் ஓட்டியவன் நான். ஜவுளிக் கிடங்கு, மஞ்சள் மண்டி, அரிசி ஆலை என்று இருப்புச் சரிபார்த்தே முழங்கால் தேய்ந்தது. ஓர் இடத்தில் கழித்து இன்னோர் இடத்தில் சேர்ப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மன்னன் சிறையில் இருக்கிறான், எதிரே குதிரையும் வாளுமாக நிற்கிறார்கள், இந்த மனிதர் விறகுக்கட்டுக்குப் பதிவு போடுகிறார்! நம் ஊரில் முடிச்சவிக்கி என்றால் திருடன். அங்கே முடிச்சை அவிழ்த்தவர் கணக்குப்பிள்ளை. திருடர்கள் குதிரைமேல் இருந்தார்கள்.

அந்தக் கயிற்றுக்குக் கெச்சுவா மொழியில் கீப்பு என்று பெயர். முடிச்சு என்றுதான் பொருள். தடிமனான ஒரு தாய்க்கயிறு. அதிலிருந்து வரிசையாகத் தொங்கும் மெல்லிய கயிறுகள். சிலவற்றுக்குக் கிளைக்கயிறுகளும் உண்டு. பருத்தி நூல் அல்லது லாமா, அல்பாக்கா மயிர். பழுப்பு, வெள்ளை, நீலம், இரண்டு நிறம் முறுக்கியது எனப் பல வகை. பத்துக் கயிறு கொண்ட கீப்பும் உண்டு, நூற்றுக்கணக்கில் கயிறு தொங்கும் கீப்பும் உண்டு.

எண்ணை எப்படிக் குறித்தார்கள் என்பதை 1912-ல் லீலண்ட் லாக் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்துச் சொன்னார். நம்மைப் போலவே பத்துப் பத்தாகத்தான். கயிற்றின் நுனிப்பக்கம் ஒன்றின் இடம், அதற்கு மேலே பத்து, அதற்கும் மேலே நூறு. 352 என்று போட வேண்டுமா? மேலே மூன்று தனி முடிச்சு, கொஞ்சம் இடம் விட்டு ஐந்து தனி முடிச்சு, கீழே இரண்டு சுற்றுச் சுற்றிய ஒரு நீள முடிச்சு. பூஜ்யம் என்றால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஒன்றின் இடத்துக்கு மட்டும் ஏன் வேறு வகை முடிச்சு என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. யோசித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. எண் இங்கே முடிகிறது என்பதற்கு அது அடையாளம். அப்படி ஓர் அடையாளம் இருந்தால் ஒரே கயிற்றில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு மூன்று எண்கள் போடலாம், குழப்பம் வராது. நாங்கள் காசோலையில் தொகைக்குப் பின்னால் ஒரு கோடு இழுப்போமே, அந்த மாதிரி. நீளமுடிச்சுக்குக் குறைந்தது இரண்டு சுற்று வேண்டும் என்பதால், ஒன்று என்ற எண்ணுக்கு மட்டும் எட்டு வடிவில் தனி முடிச்சு வைத்திருந்தார்கள். ஒரு குழுவாகத் தொங்கும் கயிறுகளின் கூட்டுத்தொகை, மேல்நோக்கிக் கட்டிய இன்னொரு கயிற்றில் இருப்பதும் உண்டு.

இந்தக் கயிற்றை நம்பி நடந்த அரசு சின்னது இல்லை. இன்றைய கொலம்பியாவின் தென்முனையில் தொடங்கி ஈக்வடார், பெரு, பொலிவியா வழியாகச் சிலியின் நடுப்பகுதி வரைக்கும் நீண்ட ராஜ்யம் அது. தங்கள் நாட்டை அவர்கள் தாவாந்தின்சுயு என்றார்கள். நான்கு திசையும் சேர்ந்தது என்று பொருள். முப்பதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் சாலை. அஞ்சல் கொண்டு ஓடும் சாஸ்கி ஓட்டக்காரர்கள். சக்கரம் இல்லை, இரும்பு இல்லை, நாணயம் இல்லை, எழுத்து இல்லை. வரி என்றால் பணமோ பொருளோ இல்லை, உடல் உழைப்பு. வருடத்தில் இத்தனை நாள் அரசு நிலத்தில் வேலை, இத்தனை நாள் சாலை வேலை, அல்லது படை வேலை. உழைத்த உழைப்பு கிடங்கில் சோளமாகவும் துணியாகவும் குவியும். பஞ்சம் வந்தால், படை கிளம்பினால் அங்கிருந்து எடுப்பார்கள். இதற்கெல்லாம் கணக்கு இல்லாமல் முடியுமா? யார் வந்தார், யார் வரவில்லை, எந்த ஊரில் எத்தனை வீடு, எத்தனை விதவை எல்லாமே முடிச்சு.

கயிறு இன்காக்களின் கண்டுபிடிப்பும் இல்லை. அவர்களுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பிருந்த வாரி மக்களிடமும் வண்ண நூல் சுற்றிய கீப்புகள் இருந்தன. பெருவின் கடற்கரைப் பக்கம் கரால் என்ற இடத்தில் கி.மு. 2600 வாக்கில் மேடைக் கோபுரங்கள் கட்டிய நகரம் இருந்திருக்கிறது. எகிப்தியர் பிரமிடு கட்டிய காலம். அங்கேயும் கீப்பு மாதிரி ஒன்று கிடைத்ததாக அகழாய்வு செய்த ரூத் ஷாதி சொல்கிறார். அது கீப்புதானா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. நூலை வைத்து யோசிக்கும் பழக்கம் அந்த மண்ணில் மிகப் பழையது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அப்புறம் 1532 நவம்பர் 16. கஹமார்கா சதுக்கத்தில் எர்னாண்டோவின் அண்ணன் பிரான்சிஸ்கோ பிசாரோவின் 168 பேர் அதாவால்பாவைப் பிடித்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு பெரிய அறையைத் தங்கத்தால் ஒரு முறையும் வெள்ளியால் இரண்டு முறையும் நிரப்பித் தருவதாக மன்னன் சொன்னான். தந்தும்விட்டான். வந்த கலைப்பொருள்களை உருக்கிக் கட்டியாக்கினார்கள். 1533 ஜூலையில் அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

168 பேர் ஒரு பேரரசை வீழ்த்தினார்கள் என்று சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு நெருடல். ஒரு ஐந்தொகையில் ஒரு பக்கம் மட்டும் காட்டி லாபம் என்று கையெழுத்துக் கேட்பது போல அது. இவர்கள் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதாவால்பாவின் தந்தை ஹுவாய்னா கபாக் ஒரு கொள்ளைநோயில் செத்துப்போனார். அது பெரியம்மையாக இருக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர் போனதும் அண்ணன் தம்பி இருவரும் அரியணைக்கு அடித்துக்கொண்டார்கள். அந்த உள்நாட்டுப் போர் முடிந்து ரத்தம் காய்வதற்குள் குதிரைகள் வந்துவிட்டன. அது மட்டுமா? இன்காக்களிடம் அடிபட்டுக் கிடந்த இனங்கள், வந்தவர்களோடு சேர்ந்துகொண்டன. அவற்றில் முக்கியமானவர்கள் வாங்கா மக்கள்.

மத்திய பெருவில், கடல்மட்டத்துக்கு மேல் மூவாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில், ஹௌஹா என்ற பள்ளத்தாக்கு. அதுதான் வாங்காக்களின் ஊர். இன்காக்கள் இவர்களை வென்று எழுபது எண்பது வருடம் ஆகியிருந்தது. பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த மலைச்சரிவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிடங்குகளை இன்கா அரசு வரிசை வரிசையாகக் கட்டியிருந்தது. அவற்றின் அடித்தளங்களை இன்றும் பார்க்கலாம். அண்ணன் தம்பிச் சண்டையில் அதாவால்பாவின் தளபதிகள் கையில் வாங்காக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆகவே ஸ்பானியர் வந்ததும், எதிரிக்கு எதிரி நண்பன் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். சோளம் கொடுத்தார்கள், லாமா கொடுத்தார்கள், சுமைதூக்க ஆள் கொடுத்தார்கள், சண்டைக்கும் ஆள் கொடுத்தார்கள். பிரான்சிஸ்கோ பிசாரோ 1534-ல் தன் முதல் தலைநகரை இங்கேதான் நிறுவினான். மறுவருடம்தான் லிமா.

கொடுத்தார்கள் சரி. ஆனால் ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார்கள். மன்னிக்கவும், முடிந்து வைத்தார்கள்.

1540-களின் கடைசியில் சியெஸா தெ லியோன் என்ற படைவீரர் அந்தப் பக்கம் வந்தார். போகிற இடமெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதும் ஆள். கயிற்றில் கணக்கு என்று பலர் சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, கட்டுக்கதை என்றே நினைத்திருக்கிறார். ஹௌஹாவில் குவாக்கராபோரா என்ற தலைவரிடம், எனக்குப் புரியும்படி காட்டுங்கள் என்று கேட்டார். அவர் உட்காரச் சொல்லிவிட்டு ஆளனுப்பிக் கயிறுகளை வரவழைத்தார். பிசாரோ பள்ளத்தாக்குக்குள் காலடி வைத்த நாளிலிருந்து கொடுத்த தங்கம், வெள்ளி, துணி, சோளம், கால்நடை எல்லாம் அதில் இருந்தன. சியெஸா அசந்துபோனேன் என்றே எழுதுகிறார்.

அவர் சொல்லும் இன்னொரு செய்திதான் என்னைக் கட்டிப்போட்டது. படை ஒன்று வந்து சூறையாடிவிட்டுப் போனதும், பள்ளத்தாக்கின் தலைவர்கள் கயிறுகளோடு கூடி உட்காருவார்களாம். எந்தப் பிரிவுக்கு நஷ்டம் அதிகம், எதற்குக் குறைவு என்று பார்த்து, குறைவாக இழந்தவர்கள் அதிகம் இழந்தவர்களுக்கு ஈடுகட்டுவார்களாம். எல்லோருக்கும் சமமாக வரும்வரை. நெருப்பு வைத்துவிட்டுப் போனவன் அடுத்த ஊரைத் தாண்டுவதற்குள் இங்கே நஷ்டத்தைப் பங்கு பிரித்து முடித்திருப்பார்கள். கூட்டு வியாபாரம் நொடித்த பிறகு பங்காளிகள் நஷ்டத்தைப் பிரித்துக்கொள்ளும் பஞ்சாயத்துகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சொந்தத் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனவர்களைத் தெரியும். அதனால் சொல்கிறேன், சியெஸா எழுதிய அந்தக் கூட்டம் சாதாரண விஷயம் இல்லை.

1561-ல் அந்தக் கணக்கு லிமாவில் ஸ்பானிய உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பிரான்சிஸ்கோ குசிசாக்கா என்ற தலைவர் வழக்கு நடத்தினார். கயிற்றுக் கணக்கர்கள் முடிச்சைத் தடவித் தடவி வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் ஸ்பானிய மொழியில் சொல்ல, எழுத்தர் காகிதத்தில் இறக்கினார். இத்தனை வருடத்தில் எந்தப் படைத்தலைவன் வந்தபோது என்ன போயிற்று என்று வரிசையாக. அதில் இரண்டு தலைப்பு. கேட்டபோது கொடுத்தது ஒன்று. கேட்காமல் கொள்ளையடித்துப் போனது இன்னொன்று. இரண்டையும் கலக்கவில்லை.

எங்கள் ஆடிட்டர் அடிக்கடி சொல்வார்: “குடுத்ததும் காணாமப் போனதும் ஒரே பேரேட்டுல வரக்கூடாதப்பா.” ஓர் அரிசி ஆலையில் கரையான் அரித்த பேரேட்டைக் காட்டி, எல்லாம் ‘சேதாரம்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்கள். அதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்து நான் திட்டு வாங்கிய நாள் இன்னும் காதில் இருக்கிறது. பாதிச் சேதாரம் பின்வாசல் வழியாக லாரியில் போனது அப்புறம்தான் தெரிந்தது.

ஜான் முர்ரா என்ற மானிடவியலாளர் இந்த நீதிமன்ற ஆவணத்தை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார். கயிற்றில் பொருள்கள் வரும் வரிசையை அவர் கவனித்தார். முதலில் மனிதர்கள், அடுத்து லாமாக்கள், அதற்கடுத்து துணி. தானியமும் கிழங்கும் அதன் பிறகுதான். எழுத்தர் காகிதத்தில் கலைக்காமல் விட்ட அந்த வரிசையில், அந்த மக்கள் எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்கள் என்பது அப்படியே தெரிகிறது. சோற்றை விடத் துணி மேலே. மனிதர்கள் எல்லாவற்றுக்கும் மேலே. சுமை தூக்கவும் சண்டைக்கும் போய்த் திரும்பாதவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

பலன்? அதே வாங்காத் தலைவர்களில் ஒருவரான பெலிப்பே குவாக்ரபாவ்கார் கடல் தாண்டி ஸ்பெயினுக்கே போனார். மன்னர் இரண்டாம் பிலிப் அவருக்குக் குலச்சின்னம் வழங்கினார். கேடயத்தில் படம் வரைந்து கொடுத்தால் கிடங்கு நிரம்பாது. 1570-களில் வைஸ்ராய் தொலேதோ லட்சக்கணக்கான மக்களை அவரவர் ஊரிலிருந்து பெயர்த்துப் புதுக் குடியிருப்புகளில் அடைத்தார். இன்காக்களின் உழைப்பு வரியை அப்படியே எடுத்து, பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு வருடாவருடம் பதின்மூன்றாயிரம் பேரை அனுப்பும் ஏற்பாடாகத் திருப்பினார். பழைய முறையில் உழைப்பு கிடங்காகத் திரும்பி வந்தது. இதில் வெள்ளி கப்பலேறிப் போனது, அவ்வளவுதான். நோய் வேறு அலை அலையாக வந்தது. நோபிள் டேவிட் குக் என்ற ஆய்வாளரின் மதிப்பீட்டில், இன்றைய பெருவின் எல்லைக்குள் 1520 வாக்கில் சுமார் 90 லட்சம் பூர்வகுடிகள். நூறு வருடம் கழித்து ஏழு லட்சத்துக்கும் கீழே. முடிச்சை வாசிக்கத் தெரிந்தவர்களும் அந்தக் கழிவில் போனவர்கள்தாம்.

1582-83-ல் லிமாவில் கூடிய மூன்றாம் திருச்சபைக் கூட்டம், பழைய சடங்குகளையும் மூடநம்பிக்கைகளையும் சுமக்கும் கீப்புகளை ஒழிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே காலத்துப் பாதிரிமார் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்களைக் கயிற்றில் பாவங்களை முடிந்துகொண்டு வரச் சொன்னார்கள். ஹோசே தெ அகோஸ்தா என்ற சேசு சபைப் பாதிரியார், ஒரு பெண் தன் வாழ்நாள் பாவமெல்லாம் முடிந்த கயிற்றுக் கொத்தைக் கையில் வைத்திருந்ததைப் பார்த்ததாக 1590-ல் வெளிவந்த நூலில் எழுதுகிறார். காகிதத்தில் எழுதியதை நான் வாசிப்பது போல அவள் வாசித்தாள் என்கிறார்.

எனக்கு அம்மாயி ஞாபகம். எங்கள் அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மறக்கக் கூடாத காரியம் என்றால் முந்தானை நுனியில் ஒரு முடிச்சு. பால்காரருக்குப் பாக்கி ஒரு முடிச்சு, சந்தையில் வாங்க வேண்டியது ஒரு முடிச்சு. ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு, “முடிச்சு இருக்குது சாமி, எதுக்குப் போட்டன்னுதான் தெரீல” என்றார். எல்லோரும் சிரித்தோம். கீப்பு ஆராய்ச்சியாளர்கள் நூறு வருடமாக அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எண்ணைப் படிக்க முடிகிறது. ஆனால் 352 என்றால் எது? லாமாவா, துணியா, திரும்பாத ஆளா? மிஞ்சியிருக்கும் ஆயிரம் சொச்சம் கீப்புகளில் பெரும்பாலானவை எந்த இடத்தில் கிடைத்தன என்ற குறிப்புகூட இல்லாமல் அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தவை. வவுச்சர் இல்லாத தொகை மாதிரி. அதனால்தான் இன்காவாசி செய்தி வந்தபோது அந்தத் துறையே துள்ளிக் குதித்தது. லிமாவுக்குத் தெற்கே கான்யெத்தே பள்ளத்தாக்கில் ஒரு பழைய இன்காக் கிடங்கு. அங்கே கீப்புகள் சரக்கோடு சேர்ந்தே கிடைத்தன. சில நிலக்கடலைக்கு அடியில், சில மிளகாய்க்கு அடியில், சில அவரை வகைக்கு அடியில். கேரி அர்ட்டன் என்ற கீப்பு ஆராய்ச்சியாளர் அவற்றை ஆராய்ந்தபோது, ஒரு மொத்தத் தொகையிலிருந்து ஒரே நிலையான எண்ணைத் திரும்பத் திரும்பக் கழித்திருந்தது தெரிந்தது. வரியோ, கிடங்குக்கூலியோ, விதைக்கு ஒதுக்கியதோ. (கடலையும் மிளகாயும் அந்தக் கண்டத்துச் சரக்கு. கடலை மண்டியில் பாதி வாழ்க்கையைக் கழித்தவன் நான். ஐநூறு வருடம் முன்னால் நம் பக்கம் யாரும் கண்ணாலும் பார்க்காத பயிர் அது என்பதை இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.)

முடிச்சு எண் மட்டும்தானா, பேச்சும் அதில் உண்டா என்ற கேள்வியும் இன்னும் முடியவில்லை. சான் ஹுவான் தெ கொய்யாத்தா என்ற மலைக்கிராமத்தில் மரப்பெட்டிக்குள் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்துவரும் இரண்டு கீப்புகளைச் சபீன் ஹைலண்ட் என்ற ஆய்வாளர் பார்த்து 2017-ல் எழுதினார். அவை கடிதங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். நிறம், மயிரின் வகை, முறுக்கின் திசை என்று எல்லாம் சேர்த்து அவற்றில் 95 விதமான கயிற்றுக் குறிகள் இருப்பதாக அவர் எண்ணியிருக்கிறார். எந்த மிருகத்தின் மயிர் என்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, விரலால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கிராமத்தார் சொன்னார்களாம்.

கீப்புகளின் அளவுகளை இப்போது இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கயிற்றின் நிறம், ஒவ்வொரு முடிச்சின் இடம், எண் எல்லாம் அட்டவணையாக. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காபியை வைத்துக்கொண்டு ஒரு கீப்பை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். எதன் கணக்கு என்று தெரியாது, ஆனால் கூட்டுக்கயிறு இருந்தது. முதல் தொகுதி சரியாக வந்தது. இரண்டாவதும் டேலி. மூன்றாவதில் ஒன்று குறைந்தது.

மறுபடி கூட்டினேன். அதே ஒன்று. நூல் இற்று ஒரு முடிச்சு உதிர்ந்திருக்கலாம். அளவெடுத்தவர் ஒரு சுற்றை விட்டிருக்கலாம். அல்லது ஐநூறு வருடம் முன்னால் அந்தக் கணக்குப்பிள்ளையே சாயங்கால அசதியில் தப்பு விட்டிருக்கலாம். காபி ஆறிவிட்டது. பழக்கதோஷம், மேசை இழுப்பறையைத் திறந்து பச்சை மைப் பேனாவைத் தேடினேன்.